மொசைக் ஆய்வுப் பயணம்

மொசைக் ஆய்வுப் பயணம் என்பது 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை ஆர்க்டிக் பெருங்கடலில் நடைபெற்ற பன்னாட்டு அறிவியல் பயணம் ஆகும். ஜெர்மனியின் ஆல்பிரட் வெக்னர் நிறுவனம் இதற்குத் தலைமை வகித்தது. வளிமண்டல அறிவியலாளர் மார்க்குஸ் ரெக்ஸ் பயணத் தலைவராக இருந்தார். 20 நாடுகள் பங்கேற்றன. 'போலார்ஸ்டெர்ன்' என்னும் பனியுடைப்புக் கப்பல் ஒரு பனிப்பாளத்துடன் பிணைக்கப்பட்டு, அப்பனி சென்ற திசையிலேயே மிதந்து சென்றது.

பின்னணி

1979-க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. எனினும், நடு ஆர்க்டிக்கில் குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட நேரடி அளவீடுகள் மிகக் குறைவாகவே இருந்தன. செயற்கைக்கோள்கள் பனியின் பரப்பைக் காட்டும். ஆனால் காற்று, பனி, கடல்நீர் ஆகியவற்றுக்கு இடையேயான வெப்பப் பரிமாற்றத்தை நேரில் சென்று அளப்பதே நம்பகமானது.

பனியோடு மிதக்கும் முறை புதியதன்று. நோர்வேயின் பிரிட்ஜோப் நான்சென் 1893-1896 காலப்பகுதியில் 'பிராம்' என்ற மரக்கப்பலில் இவ்வாறு பயணம் செய்தார். சைபீரியப் பக்கத்துப் பனி துருவப் பகுதியைக் கடந்து கிரீன்லாந்தை நோக்கி நகர்கிறது என்னும் அவரது கருத்தே மொசைக்கிற்கும் அடிப்படை.

பயணம்

கப்பல் 2019 செப்டம்பர் 20 அன்று நோர்வேயின் துரொம்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தகுந்த பனிப்பாளத்தைக் கண்டுபிடிப்பதே முதற் சிக்கலாயிற்று. முந்தைய கோடையில் பனி மிகுதியாக உருகியிருந்ததால், பார்த்த பாளங்களில் பெரும்பாலானவை மெல்லியனவாக இருந்தன. ஆய்வு செய்ய வந்த மாற்றமே ஆய்வுக்கு இடையூறானது எனலாம். அக்டோபர் 4 அன்று ஒரு பாளம் தெரிவு செய்யப்பட்டது. ரஷ்யாவின் 'அக்கதெமிக் பியோதரவ்' கப்பல் சுற்றிலும் பல கிலோமீட்டர் தொலைவு வரை தானியங்கிக் கருவிகளை நிறுவ உதவியது. 2020 பிப்ரவரி 24 அன்று போலார்ஸ்டெர்ன் வட துருவத்திலிருந்து 156 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

கொரோனா பெருந்தொற்றினால் ஆட்களை மாற்றும் திட்டம் குலைந்தது. மே நடுப்பகுதியில் கப்பல் பாளத்தை விட்டு நீங்கி, சுவால்பார்டு அருகே 'சொன்னே', 'மரியா எஸ். மெரியன்' ஆகிய கப்பல்களைச் சந்தித்தது. ஜூன் மாதத்திலேயே திரும்ப முடிந்தது. பனி உருகத் தொடங்கும் முக்கியமான காலம் இது. தானியங்கிக் கருவிகள் தொடர்ந்து இயங்கியதால் இழப்பு ஓரளவு ஈடு செய்யப்பட்டது.

ஜூலை 31 அன்று, பிராம் நீரிணைப் பகுதியில் அப்பாளம் உடைந்தது. பின்னர் கப்பல் வடக்கே திரும்பி, ஆகஸ்ட் 19 அன்று வட துருவத்தை அடைந்தது. அங்கும் பனி எதிர்பாராத அளவு தளர்ந்திருந்தது. மற்றொரு பாளத்தில் பனி மீண்டும் உறையத் தொடங்குவதை ஆய்ந்தபின், அக்டோபர் 12 அன்று பிரேமர்காபன் திரும்பியது.

பின்விளைவுகள்

பங்கேற்ற நாடுகளிடையேயான ஒப்புதலின்படி, தரவுகள் 2023 முதல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலநிலை மாதிரிகளைச் சரிபார்க்க இவை பயன்படுகின்றன.

ஆட்களையும் பொருள்களையும் கொண்டு சேர்ப்பதில் ரஷ்யப் பனியுடைப்புக் கப்பல்களின் பங்கு பெரிது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, ஜெர்மனி அந்நாட்டுடனான அறிவியல் கூட்டுப்பணியை நிறுத்தியது. ஆர்க்டிக் பெருங்கடலின் கரையோரத்தில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுக்கு உரியது. அங்குள்ள நிலையங்களின் அளவீடுகள் இன்றி நிலத்தடி உறைபனி உருகுவதைக் கணிப்பது கடினம்.