மிதக்கும் பூஞ்சையும் பற்றிய பூஞ்சையும்

கோயில் குளத்துப் படித்துறையில் ஒருமுறையேனும் கால் வழுக்காத தமிழர் நம்மில் மிகச் சிலரே. குளத்து நீரை எத்தனை குடம் மொண்டு ஊற்றினாலும் கல்லின் வழுவழுப்பு போவதில்லை. அழுத்தித் தேய்த்தாலன்றி அது அகலாது. நீரில் மிதக்கும் உயிரின் இயல்பு வேறு, கல்லைப் பற்றிய உயிரின் இயல்பு வேறு. இந்த எளிய உண்மையை வைத்திய உலகம் முழுமையாக உணர்ந்து கொள்ளச் சற்றேறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்தவர் லேவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் உதவியால், 1683-ஆம் ஆண்டில் அவர் தம் பற்களின் இடுக்கில் படிந்திருந்த அழுக்கை ஆராய்ந்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளியக் கண்டு, லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். காடியால் பல்லைக் கழுவியும் பார்த்தார். காடி மேற்புறத்து உயிர்களைக் கொன்றதேயன்றி, அழுக்கின் உட்புறம் ஊடுருவவில்லை என்று குறித்தார். அக்குறிப்பின் முழுப் பொருள் அன்று எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர் நுண்ணுயிர் விஞ்ஞானம் வளர்ந்தபோது, அறிஞர்கள் கிருமிகளைக் குடுவையிலுள்ள சத்துநீரில் வளர்த்து ஆராயும் முறையைப் பெரிதும் கைக்கொண்டனர். மருந்தின் வலிமையும் மிதக்கும் கிருமிகளின் மேலேயே அளந்தறியப்பட்டது.

நம் கதையின் தலைமைப் பாத்திரம் காண்டிடா என்னும் பூஞ்சை. ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்கு இது உறவினம். நல்ல உடல்நிலை உள்ளவர்களில் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. உடல் நலிந்தால் நாவில் வெண்படலமாகப் படர்வது. இரத்தத்தில் புகுந்துவிட்டாலோ உயிருக்கே உலை வைப்பது. இதனை அடக்கும் மருந்தை நாடி, எலிசபெத் ஹேஸன், ரேச்சல் ப்ரௌன் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் இருவர், ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, தபாலிலேயே மாதிரிகளைப் பரிமாறி உழைத்தனர். வர்ஜீனியாவில் ஒரு பண்ணையின் மண்ணிலிருந்து அவர்கள் பெற்ற நிஸ்டாட்டின் மருந்து 1950-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், வெனிஸூலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து, ஊசி வழியே செலுத்தத்தக்க ஆம்ஃபோடெரிசின் என்ற வலிய மருந்தும் கிடைத்தது.

அதே காலத்தில் சத்திர சிகிச்சையும் புதுமை பல கண்டது. 1958-இல் ஸ்வீடனில் முதன்முதலாக இதயத் துடிப்புக் கருவி ஒன்று மனித உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்டது. 1960-களில் செயற்கை இதய வால்வும் செயற்கை இடுப்பு மூட்டும் பரவலாயின. நம் நாட்டிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான வால்வு 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எண்ணற்றோருக்கு மறுவாழ்வளித்த இக்கருவிகளே, சிற்சில வேளைகளில் பூஞ்சைக்குப் படித்துறையாகவும் அமைந்தன. பரிசோதனைச்சாலையில் வென்ற மருந்து, நோயாளியின் உடலில் தோற்றது ஏன்?

1978-இல் கனடா நாட்டு அறிஞர் காஸ்டர்டனும் அவர்தம் துணைவரும், பாக்டீரியாக்கள் பரப்புகளைப் பற்றிக்கொண்டு கூட்டமாக வாழும் தன்மையை விளக்கினர். இக்கூட்டு வாழ்க்கையை நாம் உயிர்ப்படலம் எனத் தமிழில் வழங்கலாம். பூஞ்சையின் பக்கம் இவ்விளக்கை ஏந்திச் சென்றவர்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஹாஸரும் டக்ளஸும் ஆவர். சிகிச்சைக் குழாய்களைச் சிறு வில்லைகளாக நறுக்கி, அவற்றின் மீது காண்டிடாவை வளர்த்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். மறு ஆண்டு ஐந்து மருந்துகளைப் படலத்தின் மேல் செலுத்திப் பார்த்தனர். ஐந்தையும் அது எதிர்த்து நின்றது. அவற்றுள்ளும் மிகக் குறைந்த பயன் தந்தது, பெரிதும் நம்பப்பட்டிருந்த ஆம்ஃபோடெரிசினே!

2001-இல் கிளீவ்லண்ட் நகர ஆராய்ச்சியாளர், பல்செட்டுக்குரிய பொருளின்மீது இப்படலம் வளரும் விதத்தை மணிக்கணக்காகக் கவனித்தனர். முதல் 11 மணி நேரத்துக்குள் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. அடுத்துத் தன்னைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தடித்த படலமாக முதிர்ந்துவிடுகிறது. அப்பசையிலுள்ள குளூக்கன் என்னும் சர்க்கரை இனப்பொருள், சில மருந்துகளை வழியிலேயே மறித்து வைத்துக்கொள்ளும் என்பது பின்னர்ப் புலனாயிற்று. காஸ்போஃபங்கின் முதலிய புதிய மருந்துகள் காண்டிடாப் படலத்தின்மேல் ஓரளவு மேலாக வேலை செய்கின்றன எனினும், போராட்டம் முடிந்தபாடில்லை. ஜப்பானில் 2009-இல் பெயரிடப்பட்ட காண்டிடா ஆரிஸ் என்னும் புதிய இனத்தை, 2013-இல் டில்லி மருத்துவர்களும் தம் நோயாளிகளிடம் கண்டு அறிவித்தனர். பல மருந்துகளுக்கு அடங்காத அதனை, உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் மிக்க அபாயமுள்ள பூஞ்சைகளின் வரிசையில் சேர்த்தது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில், வேற்று மொழி வழங்கும் ஆஸ்பத்திரியில், நம்மவர் ஒருவர் படுத்திருக்கிறார். காய்ச்சலுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, "இரத்தக் குழாயில் செருகிய குழாயை எடுத்துவிட வேண்டும்" என்கிறார் டாக்டர். மருந்தில் நம்பிக்கையிழந்து கைவிடுகிறாரோ என்று நாம் கலங்க வேண்டுவதில்லை. பூஞ்சை பற்றிய இடத்தையே அகற்ற முனைகிறார் என அறிந்து துணிவு கொள்ளலாம். வால்வு போன்றவற்றை எளிதில் எடுக்க இயலாது. அங்கே முடிவு கூறுதல் நிபுணர் பொறுப்பு. கருவியைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. அதனால் வாழ்வோர் மிகப் பலர். ஆனால், தற்காலிகமாகச் செருகிய எந்தக் குழாயைக் குறித்தும், "இது இன்னும் தேவைதானா?" என்று நாள்தோறும் பணிவுடன் கேட்க நமக்கு உரிமை உண்டு. எம்மொழியில் கேட்டாலும் அது நல்ல கேள்வியே.