பிறந்த ஊர் ஒன்று, வளரும் ஊர் வேறு

1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பட்டியல் இருக்கிறது. வீட்டில் பிறப்போ சாவோ நடந்தால் குடும்பத் தலைவர் தகவல் சொல்லணும். ஆஸ்பத்திரி என்றால் பொறுப்பு மருத்துவர், சிறை என்றால் சிறை அதிகாரி. சத்திரம், விடுதி, கள்ளுக்கடையைக்கூட விடவில்லை. அங்கங்கே பொறுப்பில் இருப்பவர் சொல்லணும். வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு கவலை இருக்கிறது: ஊர்விட்டு ஊர் போனவன் எங்கே செத்தாலும் கணக்கில் வரணும்.

மெட்ராஸ் மாகாணத்துக்கு இதற்கான தனிச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. கிராமத்தில் பதிவேடு மணியக்காரர் கையில். யார் வீட்டில் தொட்டில் கட்டினார்கள், யார் வீட்டில் சங்கு ஊதியது என்று அவருக்குத் தானாகவே தெரியும். அதிகாரமும் சாதியும் கலந்த அறிவுதான் அது. பரம்பரை கிராமப் பதவிகள் 1980-ல் ஒழிந்தன, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் புறநகரில் அந்தக் கிராமமே தெருக்களாகிவிட்டது. பல்லாவரம் நகராட்சியில் 2001-ல் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான மக்கள், 2011-ல் 2.15 லட்சம். அடுத்த கணக்கெடுப்பு 2021-ல் நடந்திருக்கணும். நடக்கவில்லை.

இந்த இடைவெளியைப் பதிவேடு நிரப்பலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சட்டப்படி, நிகழ்வு நடந்த இடத்தில்தான் பதிவு. பம்மலில் வாடகைக்கு இருக்கும் பெண் தலைப்பிரசவத்துக்குத் தென்காசிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போவாள். இல்லையென்றால் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு. குழந்தை தென்காசிக் கணக்கிலோ சென்னைக் கணக்கிலோ ஏறும். மூன்றாம் மாதம் பம்மலுக்குத் திரும்பும். தடுப்பூசி, அங்கன்வாடி, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான். பம்மலின் பதிவேட்டுக்கு மட்டும் அப்படி ஒரு குழந்தையே தெரியாது.

இருக்கிற பதிவைத் தேடுவதும் லேசில்லை. பல்லாவரத்தில் 1990-ல் பிறந்தவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1997-ல் அது காஞ்சிபுரம் மாவட்டமானது. 2019-ல் மறுபடி செங்கல்பட்டு. 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் போயின. அவர் வீடு மாறவே இல்லை. முகவரிதான் மாறிக்கொண்டே இருந்தது.

முன்பெல்லாம் இதைச் சமாளித்துவிடலாம். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஒரு தேதி போட்டுக் கொடுப்பார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் அப்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். இனி அது நடக்காது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, அந்த அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். தகவல் சொல்ல 21 நாள். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் ஆணை வேணும். கட்டட வேலைக்கு வந்து, தகரக் கொட்டகையில் குழந்தை பெற்று, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகிற குடும்பம் எந்த அலுவலக வாசலில் போய் நிற்கும்?

வேடிக்கை என்னவென்றால், பதிவுப் படிவம் அந்தத் தாய் வழக்கமாக வசிக்கும் ஊரையும் கேட்கத்தான் செய்கிறது. படிவத்தில் இரண்டு பாகம். சட்டப் பாகம் பிறந்த ஊர்ப் பதிவேட்டில் தங்கும்; புள்ளிவிவரப் பாகத்தைத் தனியே பிரித்து மேலே அனுப்புவார்கள். வசிக்கும் ஊர் அந்தப் பிரித்த பாகத்தில் இருக்கிறது. பம்மலுக்குத் தேவையான பதில் எழுதப்பட்டுவிட்டது. அது பம்மலுக்குத் திரும்பி வருவதற்குத்தான் வழி போட வேண்டும்.