மானிட்டர் வாங்கப் போறீங்களா? பின்பக்க ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வாங்குங்க!

உசிலம்பட்டி கடைவீதியில் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, நகைக்கடை சிசிடிவி என எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் மானிட்டர்தான். மதுரைக்குப் போய் புதுசு வாங்குபவர்களும் உண்டு. ஊருக்குள்ளேயே செகண்ட் ஹேண்டில் விலை பேசி முடிப்பவர்களும் உண்டு. கடையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: எத்தனை இன்ச்? என்ன விலை? எத்தனை வருஷம் வாரன்டி?

ஆனால் ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா, உள்ளே என்ன நச்சு இருக்கிறது என்ற கேள்விகளுக்கான பதில் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது? அந்த ஸ்டிக்கர் எதற்கெல்லாம் பொறுப்பு, எதற்கெல்லாம் பொறுப்பில்லை?

ஸ்டிக்கரில் எதைத் தேடணும்?

மானிட்டரில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேட வேண்டாம். இதற்கு வேறு முறை. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) குறி, அதற்கு மேலே 'ஐஎஸ் 13252' போன்ற தர எண், கீழே ஆங்கில எழுத்து 'ஆர்', ஒரு சிறு கோடு, அதையடுத்து 8 இலக்க எண். இந்த 'ஆர்' எண்தான் பதிவு எண்.

மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை 2012இல் கட்டாயப் பதிவு ஆணையைக் கொண்டு வந்தது. முதல் பட்டியலில் 15 வகைப் பொருள்கள் இருந்தன. அதில் 32 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள மானிட்டர்கள் மட்டுமே இடம்பெற்றன. வீட்டிலும் கடையிலும் நாம் பயன்படுத்தும் 19 இன்ச், 22 இன்ச் மானிட்டர்கள் பின்னர்தான் பட்டியலுக்குள் வந்தன. அதனால் பழைய சின்ன மானிட்டரில் இந்த எண் இல்லை என்றால் அது போலி என்று அர்த்தமில்லை. புதிதாக விற்கப்படும் மானிட்டரில் இல்லை என்றால் வாங்கக் கூடாது.

கம்பெனி பெயருக்குத்தான் எண்ணா?

இல்லை. பதிவு எண் தயாரிக்கும் தொழிற்சாலையை வைத்து வழங்கப்படுகிறது. ஒரே பிராண்டு இரண்டு தொழிற்சாலைகளில் தயாரானால் இரண்டு எண்கள். அதனால், 'பெரிய கம்பெனிதான், பார்க்க வேண்டாம்' என்று விட்டுவிடக் கூடாது. பிராண்டு பெயரை ஒட்டுவது சுலபம். எண்ணும் பிராண்டும் மாடலும் பொருந்துகிறதா என்பதே சோதனை.

செல்போனிலேயே இதைப் பார்க்கலாம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் 'ஆர்' எண்ணைச் சரிபார்க்கும் பகுதி உள்ளது. எண்ணை டைப் செய்தால் தயாரிப்பாளர் விவரம், பிராண்டு, பொருளின் வகை, பதிவு செல்லுபடியாகிறதா என்பது வரும். மானிட்டர் என்று எழுதிய எண்ணுக்கு வேறு பொருளின் விவரம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். புகார் அளிக்கும் வசதியும் அதே செயலியில் இருக்கிறது. பிஐஎஸ்-க்கு மதுரையிலும் கிளை அலுவலகம் உண்டு.

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

ஐஎஸ் 13252 என்பது தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரம். ஐஇசி 60950 என்ற சர்வதேசத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. இதன் இடத்துக்கு ஐஇசி 62368 அடிப்படையிலான புதிய தரம் வந்துகொண்டிருக்கிறது. எனவே ஸ்டிக்கரில் அந்த எண் இருந்தாலும் சரிதான்.

முக்கியமான சோதனைகள் இவை:

• மின்காப்பு: வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஆனால் கரன்ட் வரும் பகுதிக்கும் கை படும் பகுதிக்கும் நடுவே 3,000 வோல்ட் வரை கொடுத்து, காப்பு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

• கசிவு மின்சாரம்: தொடும் இடத்தில் எவ்வளவு கரன்ட் கசியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு வகைக்கு 0.25 மில்லி ஆம்பியர். எர்த் உள்ள வகைக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை.

• சூடு: நாள் முழுக்க ஓடினாலும் டிரான்ஸ்பார்மர், வயர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது.

• பழுது: ஒரு உதிரிபாகத்தை வேண்டுமென்றே ஷார்ட் செய்து, தீப்பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பழுது ஏற்பட்டாலும் ஆபத்து வரக் கூடாது என்பது விதி.

• சாய்வு: 10 டிகிரி சாய்த்தாலும் கவிழக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது முக்கியம்.

அடாப்டரை மறந்துடாதீங்க

இப்போதைய மானிட்டர்கள் பலவற்றில் பவர் சப்ளை உள்ளே இல்லை. வெளியே தனி அடாப்டர் வருகிறது. 230 வோல்ட்டைக் கையாள்வது அந்த அடாப்டர்தான். ஷாக் அடிப்பதோ சூடாகிப் புகைவதோ அங்குதான் தொடங்கும். அதனால் கணினிக்கான அடாப்டருக்குத் தனி 'ஆர்' எண் இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? அடாப்டர் போனதும் கடையில் 'இது அதுக்குச் செட் ஆகும்' என்று வேறொன்றைக் கொடுப்பார்கள். பின் பொருந்தும், திரையும் எரியும். ஆனால் வோல்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. எண் இல்லாத அடாப்டரை மாட்டிய பிறகு மானிட்டரின் ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை.

தொட்டா 'சுர்'ருனு இருக்கே, ஏன்?

மானிட்டரின் உலோகப் பகுதியையோ அதனுடன் கேபிளால் இணைந்த சிபியு பெட்டியையோ தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருப்பதாகப் பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் இது மானிட்டரின் கோளாறு அல்ல. சுவரில் எர்த் இல்லாததன் அறிகுறி.

மூன்று பின் உள்ள கருவிகளின் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிகட்ட சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை மிகச் சிறிய கரன்ட்டை வெளிப்பெட்டிக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியிலேயே நிற்கும். மின்மானியை வைத்துப் பார்த்தால் 230 வோல்ட்டில் பாதியளவு காட்டும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்ற உணர்வோடு போய்விடுகிறது.

இதில் உள்ள ஆபத்து வேறு. நாளை உள்ளே காப்பு கெட்டு நேரடியாகக் கரன்ட் பெட்டிக்கு வந்தால், அதை மண்ணுக்குக் கடத்த வழி இல்லை. சோதனைக்கூடத்தில் பாஸான மானிட்டர், எர்த் இல்லாத பிளக்கில் பாதிப் பாதுகாப்போடுதான் ஓடுகிறது.

இரண்டு தவறுகளைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. ஒன்று, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்தோ, டூ பின் கன்வெர்ட்டர் போட்டோ மாட்டுவது. இரண்டு, சுர்ரென்று இருப்பதை நிறுத்த, சாக்கெட்டில் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து விடுவது. எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால், 230 வோல்ட் முழுவதும் மானிட்டர், சிபியு உடம்புக்கு வந்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை வைத்து முறையாக எர்த் அடிப்பதும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுவதும்தான் தீர்வு.

ரேடியேஷன் வருமா?

பழைய பிக்சர் டியூப் மானிட்டர் காலத்துக் கேள்வி இது. அந்த டியூப்புக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அதிலிருந்து வரும் மின்காந்தப் புலம் பற்றி ஸ்வீடன் நாட்டின் அலுவலக ஊழியர்கள் கவலைப்பட்டார்கள். 1990இல் அங்கு 'எம்பிஆர் 2' என்ற அளவுகோல் வந்தது. 1992இல் ஊழியர் சங்கக் கூட்டமைப்பான டிசிஓ இன்னும் கடுமையான தரத்தை அறிவித்தது. எம்பிஆர் 2, திரையிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் அளந்தது, டிசிஓ 30 செ.மீ. தூரத்திலேயே குறைவாக இருக்க வேண்டும் என்றது. பழைய பிரவுசிங் சென்டர் மானிட்டர்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களின் கதை இதுதான்.

இன்றைய எல்சிடி, எல்இடி திரைகளில் பிக்சர் டியூப்பே கிடையாது. எக்ஸ்ரே வர வழியில்லை. இப்போதும் 'டிசிஓ சர்டிஃபைடு' முத்திரை உண்டு. அது நச்சுப் பொருள், தொழிலாளர் நிலை, பழுது நீக்கும் வசதி வரை பார்க்கிறது. ஆனால் இந்தியாவில் அது கட்டாயமில்லை. கண் கூசாது, திரை நடுங்காது என்ற முத்திரைகளும் அப்படியே.

உள்ளே விஷம் இருக்கா?

2014 மே 1 முதல் இந்தியாவில் மின்னணுப் பொருள்களில் ஆறு நச்சுப் பொருள்களுக்கு வரம்பு அமலில் உள்ளது. ஈயம், பாதரசம், ஆறிணைதிற குரோமியம், தீத்தடுப்புக்காகப் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் ஆகியவை 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு 0.01 சதவீதம்.

இது மொத்த மானிட்டரின் எடையில் கணக்கிடப்படுவதல்ல. சால்டர் தனி, பிளாஸ்டிக் தனி, ஒயர் தோல் தனி என ஒவ்வொன்றிலும் வரம்புக்குள் இருக்க வேண்டும். பழைய 60:40 சால்டரில் 40 சதவீதம் ஈயம். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி மானிட்டர்களில் பின்னொளிக்கு மெல்லிய டியூப் லைட் இருக்கும். அதில் சில மில்லிகிராம் பாதரசம் அனுமதிக்கப்பட்டது. பிக்சர் டியூப்பின் கண்ணாடியில் எக்ஸ்ரேயைத் தடுக்கவே ஈயம் சேர்த்தார்கள். ஒரு டியூப்பில் ஒன்றிரண்டு கிலோ வரை ஈயம் இருக்கலாம்.

கரன்ட் பில் எவ்வளவு மிச்சம்?

17 இன்ச் பிக்சர் டியூப் மானிட்டர் சுமார் 75 வாட் இழுக்கும். 19 இன்ச் எல்இடி சுமார் 18 வாட். தினமும் 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் பழையது 180 யூனிட், புதியது 43 யூனிட். ஒரு மானிட்டருக்கே வருடம் 137 யூனிட் வித்தியாசம்.

பழசை எங்கே போடுறது?

மானிட்டரின் பயணத்தில் தர எண்ணெல்லாம் காணாமல் போகும் இடம் காயலாங்கடை. அங்கே மதிப்பு செம்புக் கம்பிக்குத்தான். டியூப்பின் கழுத்தில் உள்ள காயிலைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடியை உடைத்துப் போடுகிறார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் டியூப் வெடித்துச் சிதறலாம். உடைந்த கண்ணாடியின் ஈயம் குப்பைமேட்டு மண்ணிலும் தண்ணீரிலும் சேரும். ஒயரை எரித்தால் வரும் புகை இன்னொரு நஞ்சு.

இது மானிட்டரோடு முடியும் கணக்கல்ல. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மட்டும் தமிழகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பிக்சர் டியூப் டிவிகள் வீடுகளுக்குப் போயின. அவையும் இதே கண்ணாடிதான்.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பொறுப்பு தயாரிப்பாளருடையது. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 சதவீதம் என மறுசுழற்சி இலக்கு வைக்கப்பட்டுள்ளது. மின்கழிவைப் பிரித்து மறுசுழற்சி செய்ய, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கே அனுமதி. ஆனால் தமிழகத்தில் அத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றியே உள்ளன. உசிலம்பட்டியில் ஒரே ஒரு மானிட்டரை வைத்திருப்பவர் அங்கே கொண்டு போக முடியாது என்பதே நடைமுறைச் சிக்கல்.

செய்யக்கூடியது: புதிது வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பது; கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் திரும்பப் பெறும் வசதியைக் கேட்பது; பள்ளி, அலுவலகம், கணினிப் பயிற்சி நிலையம் என்றால் சேர்த்து வைத்து மொத்தமாகப் பதிவு பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்குவது. குப்பைத்தொட்டி மேல் குறுக்குக்கோடு போட்ட படம் ஸ்டிக்கரில் இருந்தால், சாதாரணக் குப்பையோடு போடாதே என்று பொருள்.

செகண்ட் ஹேண்டா? இதைப் பார்த்துட்டு காசு கொடுங்க

• பின்பக்க ஸ்டிக்கர் கிழிக்கப்படாமல் இருக்கிறதா? 'ஆர்' எண் செயலியில் பொருந்துகிறதா?

• அடாப்டர் அதே கம்பெனியா? அதன் எண் தனியாக இருக்கிறதா?

• ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் திறந்து வேலை பார்த்திருக்கிறார்கள். என்ன மாற்றினார்கள் என்று கேட்கலாம்.

• அரை மணி நேரம் ஓடவிட்டு, பின்பக்கச் சூட்டையும் கருகல் வாடையையும் கவனிக்க வேண்டும்.

• மூன்று பின் ஒயர் என்றால் பெரிய பின் இருக்கிறதா? ஒயரில் ஐஎஸ் 694, பிளக்கில் ஐஎஸ் 1293 என்ற எண் உள்ளதா?

• பிக்சர் டியூப் மானிட்டர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஆஃப் செய்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கும். வீட்டில் யாரும் பின்மூடியைத் திறக்கக் கூடாது.

• பில் அவசியம். அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த பில்தான் ஆதாரம்.