மதுரையை மீட்டவனும் பதினாறு தூண்களும்

எம்.ஜி.ஆர். இயக்கிய படங்கள் மூன்றே. 1958இல் 'நாடோடி மன்னன்', 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்', 1978இல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. மூன்றாவது படம் திரைக்கு வந்தபோது அவர் தமிழகத்தின் முதலமைச்சர். அவர் முழுமையாக நடித்து வெளிவந்த கடைசிப் படமும் அதுவே. அகிலனின் 'கயல்விழி' புதினமே படத்திற்கு மூலம். சோழரின் ஏற்றத்தை 'வேங்கையின் மைந்த'னில் பாடிய அதே எழுதுகோல்தான் பாண்டியரின் எழுச்சியையும் எழுதிற்று. வரலாற்றாசிரியனுக்கு வாய்க்காத இவ்வுரிமை புதினக்காரனுக்கு உண்டு போலும்!

தலைப்பிலுள்ள 'மீட்ட' என்னும் சொல் வெற்று அலங்காரம் அன்று. மூன்றாம் குலோத்துங்க சோழன் பாண்டிய நாட்டின்மேல் மும்முறை படை நடத்தியவன். மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று தன் கல்வெட்டுகளில் பட்டம் பொறித்துக்கொண்டவன். 1205ஐ ஒட்டி நிகழ்ந்த கடைசிப் போரில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தகர்த்தான். மதுரையிலேயே வீராபிடேகமும் செய்துகொண்டான். அரசிழந்த சடையவர்மன் குலசேகரன் பணிந்து, தன் நாட்டைச் சோழன் கையால் திரும்பப் பெற்றான். 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று பாண்டியர் கல்வெட்டுகள் அந்நகரைக் குறிக்கின்றன. ஓர் ஏரியின் பெயரைச் சொல்லித் தலைநகரை அடையாளம் காட்டிய அரசு அது. அதன் அரியணையே மாற்றான் இட்ட பிச்சையாயிற்று.

1216இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் இதனை மறக்கவில்லை. படத்தின் தலைப்பு மதுரையோடு நின்றுவிடுகிறது. மெய்க்கீர்த்தியோ காவிரியைக் கடந்து செல்கிறது. தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. மாடம், மாளிகை, மண்டபம், ஆடரங்கு யாவும் இடிந்தன. இடித்த நிலத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாகவும் மெய்க்கீர்த்தி பெருமையோடு கூறுகிறது. இவை பகைவர் சுமத்திய பழிகள் அல்ல. வென்றவனே விரும்பிப் பொறித்த வரிகள். முடிசூட்டு மண்டபம் இடிபட்ட வேதனையை அறிந்த குலத்தவனே சோழநாட்டில் மண்டபங்களை இடித்தான். ஆயிரத்தளியில் வீராபிடேகமும் கண்டான். பின்னர்ப் பொன்னமராவதியில் சோழனுக்கு நாட்டைத் திருப்பியளித்து, 'சோணாடு வழங்கியருளிய' என்னும் பட்டமும் பெற்றான். குலோத்துங்கன் குலசேகரனுக்குச் செய்தது அப்படியே திரும்ப நிகழ்ந்தது. இதில் போசளரின் தலையீட்டுக்கும் பங்குண்டு என்பர்.

இவ்வளவு அழிவிலும் ஒன்று தப்பியது. அதனைச் சொல்வது திருவெள்ளறைக் கோயிலில் வெட்டப்பட்ட ஒரு கட்டளைக் கலித்துறை. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குப் பரிசாக அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடியாமல் விட்டானாம். கலிங்கத்துப்பரணியோ அப்பரிசைப் பதினாறு நூறாயிரம் பொன் என்கிறது. பொன்னா மண்டபமா என்னும் வழக்கு அறிஞரிடையே தீரவில்லை; பதினாறு என்ற எண்ணில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பட்டினப்பாலை கரிகாற் சோழனையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் பாடியது. பாண்டியன் பகைவரின் முன்னோனுக்கு எழுந்த புகழ்ப்பாட்டு. தஞ்சையை எரித்த கை அப்பாட்டின் முன் தாழ்ந்ததென்றே கல்லில் எழுதினார், பெயர் தெரியாத அப்புலவர். காவிரி நாடு என்பதற்கு மேல், அந்த மண்டபம் நின்ற ஊரை அவர் சுட்டவில்லை.