ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை... எஸ்ஜிபிடி ஏறினால் நிறுத்திவிடலாமா?

இதய வால்வு மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள் எனப் பலருக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ஊரில் இதை 'ரத்தத்தை இளக்குற மாத்திரை' என்பார்கள். உண்மையில் ரத்தம் தண்ணியாவது இல்லை. உறைவது தாமதமாகிறது, அவ்வளவுதான்.

திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி பக்கத்தில் இருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ, விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ போய் சிகிச்சை எடுத்தவர்கள், அடுத்தடுத்த பரிசோதனைகளை உள்ளூர் லேபிலேயே பார்த்துக்கொள்வது உண்டு. ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி அளவு கூடியிருந்தால் 'மாத்திரைதான் ஈரலைக் கெடுக்குது' என்று பயந்து, தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த மருந்தில் எவ்வளவு ஏறும்?

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும். பெரும்பாலான லேப்களில் 40 வரை சாதாரண அளவு.

ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் ஹெப்பாரினில் இந்த அளவு கூடுவது சர்வசாதாரணம். ஊசி போட்ட சில நாளில் ஏறும், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். மஞ்சள் காமாலை வரை போவது மிக அரிது. இந்தியாவில் அதிகம் பயன்படுத்தப்படும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகளில் கல்லீரல் பாதிப்பு அபூர்வம். புதிய மருந்துகளான ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரானிலும் அப்படித்தான்.

அப்படியானால் இந்த பயம் எங்கிருந்து வந்தது? சைமெலகாட்ரான் என்ற மாத்திரை இதற்கு ஒரு முக்கிய காரணம். வார்ஃபரினுக்கு மாற்று என்று பெரிதாகப் பேசப்பட்ட மருந்து. நீண்டநாள் சாப்பிட்டவர்களில் 100-க்கு கிட்டத்தட்ட 8 பேருக்கு எஸ்ஜிபிடி 3 மடங்குக்கு மேல் ஏறியது. 2004-ல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. 2006 பிப்ரவரியில் அந்த நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. அதன்பிறகு வந்த மருந்துகள் எல்லாமே கல்லீரல் விஷயத்தில் கூடுதல் கண்காணிப்போடுதான் சந்தைக்கு வந்தன.

மாத்திரையே காரணமா?

பல நேரம் இல்லை. கொழுப்புக் கல்லீரல், மது, ஹெபடைடிஸ் பி, காசநோய் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் என காரணம் வேறாக இருக்கலாம். வால்வு நோயாளிகளுக்கு இதயமே காரணமாகலாம். இதயம் பலவீனமானால் ரத்தம் கல்லீரலில் தேங்கி, நொதி அளவு ஏறும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அது நலிந்தால், நேற்றுவரை சரியாக இருந்த அதே அசிட்ரோம் டோஸ் இன்று அதிகமாகிவிடும். ஐஎன்ஆர் எகிறும், ரத்தக்கசிவு வரும். அதனால் எஸ்ஜிபிடி ஏறியவர்கள் ஐஎன்ஆரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

அசிட்ரோமை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அதன் பாதுகாப்பு போய்விடும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு வால்விலேயே ரத்தம் கட்டலாம், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இவர்களுக்கு புதிய மாத்திரைக்கு மாறுவதும் வழியில்லை. உலோக வால்வு நோயாளிகளிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டியும் கசிவும் கூடியதால் 2012-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது நம்ம பக்கத்துப் பழக்கம். குடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நம்பி மாத்திரையை விடவே கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

எஸ்ஜிபிடி 50, 60 என்று இருந்தால் பொதுவாக சில வாரத்தில் மறுபடி பரிசோதிக்கச் சொல்வார்கள். 3 மடங்கு, அதாவது 120-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கருப்பாக மலம் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கல்வராயன் மலை கிராமங்களில் இருந்து கிளம்புகிறவர்கள் மாத்திரை அட்டை, பழைய ஐஎன்ஆர் சீட்டுகள், வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் அதன் அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போனால் டோஸ் மாற்றுவதை டாக்டர் அங்கேயே முடிவு செய்ய முடியும்.