லேத்துக்கு ஒரு ஸ்லைடு ரூல்

பொறியியல் கல்லூரியில் ஸ்லைடு ரூலோடு படித்த கடைசித் தலைமுறைக்கு அது பெருக்கவும் வகுக்கவும் உதவிய சாதனம். சட்டைப் பையிலோ தோல் உறையிலோ கிடந்தது. கால்குலேட்டர் வந்ததும் போய்விட்டது. ஆனால் பொதுக் கணக்குக்கென்று இல்லாமல், குறிப்பிட்ட ஒரு லேத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட ஸ்லைடு ரூல்களும் இருந்தன. பக்கத்து லேத்துக்கு அது உதவாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பெத்லஹேம் எஃகு ஆலையில் 1899-க்குப் பிறகு அவை உருவாயின. செய்தவர் கார்ல் பார்த். நார்வேயில் பிறந்து, 1881-இல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர், கணக்கில் புலி.

அவரிடம் வந்த கணக்கு பழையது. உருளையை லேத்தில் பூட்டியதும் டர்னர் மூன்று முடிவுகள் எடுக்கிறார்: எந்த வேகத்தில் சுற்றவிடுவது, டூலை எவ்வளவு ஆழம் இறக்குவது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்த்துவது. வேகம் கூடினால் டூலின் முனை கருகும். குறைந்தால் நாள் வீணாகும். நல்ல டர்னர் இதைச் சத்தத்தாலும், சீவலின் நிறத்தாலும், கைப்பிடியில் ஏறும் அதிர்வாலும் அறிந்தார். இந்த அறிவு அவரோடு பட்டறைக்கு வந்து, அவரோடு வீட்டுக்குப் போனது.

பொறியாளர் பிரெடெரிக் டெய்லருக்கு அதுதான் உறுத்தியது. பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் அவர் 1880-இல் சோதனைகளைத் தொடங்கினார். இரயில் எஞ்சின் சக்கரங்களுக்கான கடின எஃகு வளையங்களை ஒரு பெரிய போரிங் இயந்திரத்தில் ஏற்றி, ஒவ்வொரு காரணியாக மாற்றிப் பார்த்தார். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை 26 ஆண்டுகள் நீண்டது. எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் சீவலாயின. 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை இந்தச் சோதனைகளின் முழுக் கணக்கு.

வெட்டு வேகத்தைப் பன்னிரண்டு காரணிகள் ஆள்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. வெட்டப்படும் உலோகத்தின் கடினம் மட்டும் வேகத்தை 1-இலிருந்து 100 மடங்கு வரை மாற்றும். சாதாரணக் கார்பன் எஃகு டூலுக்குப் பதில் சிறந்த ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் போட்டால் ஏழு மடங்கு. (அந்த எஃகை டெய்லரும் அவரோடு வேலை செய்த வைட்டும் பெத்லஹேமில் கண்டுபிடித்து 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியது தனிக் கதை.) டூல் முனையில் தாராளமாகத் தண்ணீர் விட்டால் 1.41 மடங்கு. டூலின் வெட்டுமுனைக் கோணமோ 61 பாகையா 68 பாகையா என்பதில் இரண்டு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலாக மாறும் அளவுக்குத்தான் கணக்கில் வருகிறது. கோணத்தைப் பற்றிப் பட்டறைகளில் நடந்த வாக்குவாதங்களை நினைத்தால் இது சிரிப்புதான்.

டூலின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இன்னும் சுவையானது. ஹைஸ்பீடு ஸ்டீலால் முரட்டு வெட்டு வெட்டும்போது, வேகத்தை ஆயுளின் எட்டாம் மூலத்தால் பெருக்கினால் மாறாத எண் வரும் என்றார் டெய்லர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்கும் டூலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிடிக்கச் சம்மதித்தால், வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 20 சதவீதம். அதற்கு மேல் ஆசைப்பட்டு வேகத்தை இரட்டித்தால் ஆயுள் 256-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒன்றரை மணி நேரம் தாங்கிய முனை, சூத்திரப்படி 21 விநாடியில் போய்விடும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் டூல் ஏன் கருகுகிறது என்று டர்னர்களுக்குக் கையால் தெரிந்திருந்ததன் காரணம் இந்த எட்டாம் மூலம்.

சூத்திரம் கிடைத்தது, கணக்கு முடியவில்லை. பன்னிரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, ஒவ்வொரு வேலைக்கும் காகிதத்தில் உட்கார்ந்து தீர்த்தால் மணிக்கணக்காகும். நாட்டின் பல கணித அறிஞர்களிடம் தக்க ஊதியம் தருவதாகச் சொல்லியும் கேட்டுப் பார்த்ததாக டெய்லர் எழுதுகிறார். நான்கு மாறி என்றால் தீர்க்கலாம், சில இடங்களில் ஐந்தோ ஆறோ. பன்னிரண்டுக்கு வழியில்லை என்பதே பதில். மிட்வேலில் முதலில் சின்க்ளேர் என்ற இளம் பொறியாளரும், 1887 முதல் ஹென்றி கான்ட்டும் இதோடு மல்லுக்கட்டினார்கள். கான்ட் சார்ட் என்று இன்று நாம் சுவரில் ஒட்டும் வேலைத் திட்ட அட்டவணை இவர் பெயரில்தான்.

டெய்லர் பின்னர் பெத்லஹேமுக்கு மாறினார். பார்த் அங்கே வந்ததும் கணக்கை ஸ்லைடு ரூலாக்கினார். மடக்கை அளவுகோலில் பெருக்கல் கூட்டலாகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எட்டாம் மூலம் போன்ற பின்ன அடுக்குகளும் அங்கே வெறும் நீளம்தான். அளவுகோலை அதே விகிதத்தில் சுருக்கி வரைந்தால் போதும். அதனால் பார்த்தின் ரூலில் 1 முதல் 10 வரையிலான பொது எண்கள் இல்லை. உலோகத்தின் வகை, வெட்டு ஆழம், நகர்வு, டூலின் வகை, அது தாங்க வேண்டிய நேரம் என்று பெயரிட்ட அளவுகோல்கள் இருந்தன. பல நழுவுப் பட்டைகள் அடுத்தடுத்து. ஒன்றில் வைத்த இடம் அடுத்ததற்குத் தொடக்கமாகும். ஒரு பகுதி, டூல் தாங்கும் வேகத்தைச் சொல்லும். இன்னொரு பகுதி, சீவல் கொடுக்கும் அழுத்தத்தை எதிர்த்து இந்த லேத்தின் பெல்ட்டும் கியரும் இழுக்குமா என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிற இடம்தான் விடை. கியர்களும் பெல்ட் படிகளும் லேத்துக்கு லேத் வேறுபடும் என்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் தனி ரூல். இந்த முறையை பார்த் 1903-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்குக் கட்டுரையாகக் கொடுத்தார்.

கணித அறிஞர்கள் கைவிட்டதை, கணிதமே தெரியாத நல்ல மெக்கானிக் அரை நிமிடத்துக்குள் தீர்ப்பார் என்று டெய்லர் பெருமைப்பட்டார். அது வெறும் பெருமையல்ல. சுமார் 300 பேர் வேலை செய்த, ஒரே இயந்திரத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த ஒரு பட்டறையில், நான்கு ஸ்லைடு ரூல்களைக் கொண்டு ஒரு இயந்திரத்தை ஆராய்ந்தபோது பழைய வேகத்தைவிடக் குறைந்தது இரண்டரை மடங்கும் அதிகபட்சம் ஒன்பது மடங்கும் கிடைத்ததாக அவர் 1911-இல் வெளியான தம் நூலில் சொல்கிறார். தன் வேலையைத் தனக்குத்தான் தெரியும் என்று நம்பிய கைத்தேர்ச்சிக்கு இது பெரிய அடி. டெய்லரை வெறுப்பவர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஆனால் அந்த ரூல் டர்னரின் கையில் இருக்கவில்லை. திட்ட அறையில் இருந்தது. அங்கே ஒருவர் பட்டைகளை நகர்த்தி விடையை எடுத்து, அறிவுறுத்தல் அட்டையில் எழுதுவார்; அட்டை லேத்துக்குப் போகும். எந்த வேகம், எந்த நகர்வு, எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தன. பட்டறையின் பக்கமிருந்து பார்த்தால், இருபது ஆண்டு அனுபவம் ஒரு மேசை இழுப்பறைக்குள் போனது.

எனக்கு வியப்பு இதில்தான். பாஸ்டன் அருகே வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் 1909 முதல் பார்த் இந்த முறையைப் புகுத்தினார். அதன் பகுதியாக ஸ்டாப் வாட்ச் வைத்து வேலை நேரத்தையும் அளந்தபோது, 1911 ஆகஸ்டில் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915-இல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் பார்க்க அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. வெளியேறியவர்களோ வார்ப்படத் தொழிலாளர்கள், லேத்காரர்கள் அல்லர். கோபம் முழுவதும் ஸ்டாப் வாட்ச் மீது. கடிகாரத்தோடு ஒருவன் முதுகுக்குப் பின்னால் நிற்பது அவமானம். அது கண்ணுக்குத் தெரியும். திட்ட அறையில் நழுவும் பட்டை யாரையும் அவமானப்படுத்தவில்லை. ஆனால் கடிகாரம் டர்னரின் நேரத்தை அளந்ததோடு சரி. ரூல் அவருடைய தீர்ப்பையே எடுத்துக்கொண்டது. சட்டம் தடுத்தது சின்னதை என்பது என் கருத்து.

ரூலுக்குத் தெரியாதவையும் உண்டு. வார்ப்புக்குள் ஒளிந்திருக்கும் மணல் பொட்டு, தேய்ந்துபோன பேரிங், சரியாக இறுக்காத சக், நாள்பட்டுத் தளர்ந்த பெல்ட். அதிர்வையும் டெய்லர் தம் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்த்து 1.15 மடங்கு என்று எண் போட்டார். அன்று அந்த லேத் என்ன முனகுகிறது என்பதை அதன் பக்கத்தில் நிற்பவர்தான் கேட்க முடியும்.

டெய்லரின் ஆயுள் சமன்பாடு இன்றும் உற்பத்திப் பொறியியல் பாடத்தில் உண்டு. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்த பார்த்தின் பெயர் பெரும்பாலான பாடநூல்களில் இல்லை. அந்த நூல்களை எழுதுவோர் ஒரு வரியாவது சேர்க்கலாம். திட்ட அறை மட்டும் போகவில்லை. சிஎன்சி இயந்திரத்தில் வேகமும் நகர்வும் புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகின்றன. ஓட்டுநரின் காதுக்கும் கைக்கும் மிச்சம் விட்டிருப்பது, அவற்றைச் சில சதவீதம் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழ் ஒன்று. சில கம்பெனிகளில் அதையும் பூட்டி வைக்கிறார்கள்.