நூலும் நூற்றவளும்

புத்தகத்துக்கு நூல் என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. நன்னூலின் பாயிரத்தில் அதற்கு ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு, ராட்டையில் முறுக்கேற்றும் கம்பியாகிய கதிர். சுமார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த இந்த உவமையைப் படிக்கும்போதெல்லாம், கதை எழுதிக் காலம் தள்ளுகிற எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். புலவனின் பெருமையைச் சொல்ல அந்தப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அவளுடைய பெருமையைச் சொல்ல யாரை அழைத்தார்கள்?

தக்களி பழகியவர்களுக்கு அந்தப் பெருமை தெரியும். நானும் சிலகாலம் பழகியிருக்கிறேன். வலக்கை விரல்கள் தக்களியைச் சுழற்றிவிட, இடக்கை பஞ்சுப் பட்டையைப் பிடித்தபடி மெல்ல மேலே போகவேண்டும். முறுக்குக் குறைந்தால் இழை பிரிந்துவிடும். கூடினால் சுருண்டு கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள பக்குவத்தை அளக்க முழக்கோல் கிடையாது. விரல் நுனிக்குத்தான் அது தெரியும். புத்தகத்தைப் படித்து வருகிற வித்தை அல்ல இது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரவேண்டும். சங்கீதமும் அப்படித்தானே?

இவ்வளவு நுட்பமான கலை பெரும்பாலும் யாருடைய கையில் இருந்தது? நற்றிணைப் பாட்டு ஒன்று மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடுகிறது. ஆண்துணை இல்லாத பெண்கள் பாடுபட்டு ஆக்கிய மெல்லிய பனுவல்தான் புலவருக்குக் கிடைத்த உவமை. பனுவல் என்றாலும் பஞ்சு, நூல், புத்தகம் எல்லாந்தான்!

பல நூற்றாண்டு கழித்து வங்காளத்திலும் அதே பெண்ணைப் பார்க்கிறோம். 1828இல் 'சமாசார் தர்ப்பண்' என்ற பத்திரிகையில் சாந்திப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் 22 வயதில் கணவனை இழந்தவள். மூன்று பெண் குழந்தைகள். மாமனார், மாமியார் வேறு. தக்களியும் ராட்டையுமே அவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டன. நெசவாளர்கள் வீடு தேடி வந்து அவளிடம் நூல் வாங்கினார்கள். பிறகு சீமை நூல் மலிவாக வந்து இறங்கியது. வாசலுக்கு வந்தவர்கள் வராமல் போனார்கள். தன் பெயரை எழுதாமல், நூற்பவள் என்று மட்டும் சொல்லி அவள் முறையிட்டாள்.

நூலை விற்க முடியாவிட்டால் மகளுக்கு எதற்காகக் கற்றுக் கொடுப்பாள்? அதன் பலனைக் காந்தி கண்டார். 1915இல் ஆமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியபோது தறி கிடைத்தது, துணியும் நெய்தார்கள். ஆனால் நூலுக்கு ஆலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ராட்டையும் கிடைக்கவில்லை, நூற்கச் சொல்லித்தர ஆளும் கிடைக்கவில்லை. 1917இல் பரூச் கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்ற அம்மாளைச் சந்தித்து, இந்தக் குறையை அவரிடம் சொன்னார். அவரும் விதவைதான். ஊர் ஊராக அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டைகளை அவர் கண்டுபிடித்தார். அவை வேண்டாத சாமான்களாகப் பரண்மேல் கிடந்தன. பட்டை கொடுத்து, நூற்றதை வாங்கிக்கொள்வதானால் மறுபடி நூற்கிறோம் என்றார்கள் அவ்வூரார்.

பரணில் இருந்து ராட்டையை இறக்கிவிடலாம். நூற்கும் பக்குவம் எந்தப் பரணிலும் இராது. அதை மறக்காத கைகள் விஜாப்பூரில் மிஞ்சியிருந்தது தேசத்தின் அதிர்ஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னும் ஒரு தலைமுறை போயிருந்தால், மரச்சக்கரம் மட்டுந்தான் அகப்பட்டிருக்கும்.

இன்று பிழைப்புக்காக அன்றி, கலைக்காகவே நூற்கப் பழகுகிறவர்கள் உண்டு. நல்ல காரியம். முதல் இழை அறாமல் வருகிற அன்று, அவர்கள் சாந்திப்பூர்ப் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். என் நூல்களின் அட்டையில் என் பெயர் இருக்கிறது. அவள் நூற்றவற்றில் அவள் பெயர் இல்லை.